பேக்கமன் பழகத் தொடங்குவோருக்கு: பலகை, கைப்பேசி, கணினி, நூல் – எது யாருக்குப் பொருந்தும்?

இருவர் பகடை உருட்டிப் பலகையில் காய்களை ஓட்டும் பேக்கமன் ஆட்டத்தின் அடிப்படையை எங்கிருந்து பழகத் தொடங்குவது என்று சென்ற புயல் பருவத்திலிருந்து இங்கே மொரிஷியஸில் மூன்று பேர் என்னிடம் கேட்டுவிட்டார்கள். ஒருவர் போ பசேனில் வசிக்கும், பணி ஓய்வு பெற்ற ஆசிரியை. தம் கணவரோடு மாலை நேரத்தில் அமர்ந்து ஆட அவருக்கு ஓர் ஆட்டம் வேண்டும். இன்னொருவர் கத்ர் போர்னைச் சேர்ந்த தந்தை. பதினொரு வயது மகன் கைப்பேசியில் இந்த ஆட்டத்தைப் பார்த்துவிட்டுக் கற்றுத் தரும்படி கேட்கிறான், தந்தைக்கோ விதிகளே தெரியாது. மூன்றாமவர் கியூர்பிப்பிலிருந்து போர்ட் லூயிக்கு நாள்தோறும் மெட்ரோவில் வேலைக்குப் போய்வரும் இளைஞர். பலகை வாங்கித் தெரிந்த ஒருவரோடு அமர்வதா, கைப்பேசியில் செயலியை இறக்கிக்கொள்வதா, கணினியில் ஆராயும் நிரலை நிறுவுவதா, நூலைப் படிப்பதா என்ற இடத்தில் மூவருமே தயங்கி நிற்கிறார்கள். ஒருவருக்குச் சொன்ன விடை மற்றவருக்குப் பொருந்தவில்லை என்பதை உணர்ந்ததால், நான்கு வழிகளையும் ஒரே அளவுகோல்களில் வைத்துப் பார்க்க முயல்கிறேன்.

நான் இந்த ஆட்டத்தைக் கியூர்பிப்பில், மழை விடாமல் பெய்யும் மாலைகளில், என் தாய்மாமாவிடம் கற்றேன். அன்போடு கற்றுத் தந்தார். ஆனால் இரண்டு பகடையிலும் ஒரே எண்ணாக இரட்டை விழுந்தால் ஆடி முடித்தபின் மீண்டும் ஒருமுறை உருட்டலாம் என்று அவர் சொல்லித் தந்தது தாயத்திலிருந்து வந்த பழக்கமே தவிர, பேக்கமனின் விதி அன்று. அது தவறு என்று எனக்குத் தெரிய ஆறு ஆண்டுகள் ஆயின. அதைவிடப் பெரிய இழப்பு வேறொன்று: அந்த ஆறு ஆண்டுகளில் என் ஆட்டம் எங்கே பிழைத்தது என்று எனக்கு யாரும் சொல்லவில்லை. வென்றால் நன்றாக ஆடினேன் என்றும், தோற்றால் பகடை சரியில்லை என்றும் எண்ணிக்கொண்டிருந்தேன். கீழே வரும் அளவுகோல்களில் மூன்றாவதுக்கு நான் மிகுந்த எடை கொடுப்பதற்கு இதுவே காரணம்.

## எடைபோடும் அளவுகோல்கள்

முதலாவது, விதிகள் பிழையின்றிக் கைக்கு வர வேண்டும். பலகையில் முக்கோண வடிவில் 24 முனைகள், ஆளுக்கு 15 காய்கள், இரண்டு பகடைகள். நம் பக்கத்திலிருந்து எண்ணினால் தொடக்கத்தில் 24-ஆம் முனையில் 2 காய்களும், 13-இல் 5 காய்களும், 8-இல் 3 காய்களும், 6-இல் 5 காய்களும் நிற்கும். எதிராளிக்கும் இதே அடுக்கு, கண்ணாடியில் தெரிவதுபோல் எதிர்த்திசையில். எல்லாக் காய்களையும் 6 முதல் 1 வரையுள்ள நம் வீட்டுக்குள் கொண்டுவந்த பிறகே வெளியேற்றத் தொடங்கலாம். தாயம் ஆடியவர்களுக்கு இதில் பாதி முன்பே தெரியும்: தனித்து நிற்கும் காயை வெட்டலாம், வெட்டுப்பட்ட காய் மீண்டும் முதலிலிருந்து வர வேண்டும், சுற்றி முடித்த காய் பழமாகும். தெரியாத பாதியில்தான் ஆட்டத்தின் உயிர் இருக்கிறது. தாயக்கட்டத்தில் வெட்டமுடியாத இடங்கள் முன்பே குறிக்கப்பட்டிருக்கும். சிலர் அவற்றை மலை என்பார்கள். பேக்கமனில் மலைகள் கிடையா. இரண்டு காய்களை ஒரே முனையில் சேர்த்து நாமே மலையைக் கட்ட வேண்டும், அங்கே எதிராளி காலே வைக்கமுடியாது. இதை உணராமல் காய்களை ஓட்டிக்கொண்டே போகிறவர், எத்தனை ஆண்டுகள் ஆடினாலும் தாயத்தையே வேறொரு பலகையில் ஆடிக்கொண்டிருக்கிறார்.

எளிதில் தவறவிடும் விதிகள் சில உண்டு. வெட்டுப்பட்ட காய் பலகையை இரண்டாகப் பிரிக்கும் நடுக்கட்டையில் இருக்கும்வரை வேறு எந்தக் காயையும் நகர்த்தக்கூடாது. இரண்டு எண்களையும் ஆட வழியிருந்தால் இரண்டையும் ஆடியே தீர வேண்டும். ஏதாவது ஒன்றைத்தான் ஆடமுடியும் என்றால் பெரிய எண்ணை ஆட வேண்டும். இரட்டை விழுந்தால் அந்த எண்ணை நான்கு முறை ஆடலாம், அத்துடன் முறை முடிந்தது. பகடை சரிந்து நின்றாலோ பலகைக்கு வெளியே விழுந்தாலோ இரண்டையும் எடுத்து மீண்டும் உருட்ட வேண்டும்.

இரண்டாவது, எண்ணும் பழக்கம் வர வேண்டும். இரண்டு பகடைகள் 36 விதங்களில் விழலாம். எதிராளியின் காய்க்கு 6 அடி (முனைக்கு முனை ஓர் அடி) முன்னால் நம் காய் தனியாக நின்றால், அது வெட்டுப்பட 36-இல் 17 வாய்ப்புகள்: ஏதேனும் ஒரு பகடையில் 6 விழும் 11 வழிகள், 5-1 இரண்டு வழிகள், 4-2 இரண்டு வழிகள், 3-3 ஒன்று, 2-2 ஒன்று. அதே காயை ஒரே ஓர் அடி தள்ளி 7 அடி தொலைவில் வைத்தால் வாய்ப்பு 6 ஆகக் குறைந்துவிடுகிறது. இந்த ஒரு கணக்கை உள்ளத்தில் வாங்கிக்கொண்டவர் ஒரு மாதம் முன்னே போய்விடுவார் என்பது என் துணிபு. அதுபோலவே, எதிராளியின் வீட்டில் ஆறு முனைகளில் ஐந்து மூடப்பட்டிருந்தால் வெட்டுப்பட்ட காய் உள்ளே நுழைய 36-இல் 11 வாய்ப்புகள். நான்கு மூடப்பட்டிருந்தால் 20. இரு பக்கத்திலும் தொடக்கத்தில் கடக்க வேண்டிய மொத்தத் தொலைவு 167 அடி. யார் முன்னே இருக்கிறார் என்று ஆட்டத்தின் நடுவில் கூட்டிப் பார்க்கும் திறனும் அடிப்படையில் சேர்ந்ததே.

மூன்றாவது, பிழையைப் பிழை என்று யார் சொல்வார்? சதுரங்கத்தில் தோல்வி என்பதே ஓரளவு பாடமாகிவிடும், ஏனெனில் அங்கே பகடை இல்லை. பேக்கமனில் நன்றாக ஆடியவர் தோற்பதும், பிழையாக ஆடியவர் வெல்வதும் அன்றாடம் நடக்கும். இதற்கு நானறிந்த மிகத் தெளிவான சான்று 1979-ஆம் ஆண்டில் மான்டே கார்லோவில் நடந்தது. ஹான்ஸ் பெர்லினர் எழுதிய கணினி நிரல், அப்போதைய உலக வாகையர் லூயிஜி வில்லாவை 7-க்கு 1 என்ற கணக்கில் வென்றது. ஆட்டங்களைப் பின்னர் ஆராய்ந்து பார்த்தபோது, சிறப்பாக ஆடியவர் வில்லாதான் என்றும், நிரலே மிகுதியாகப் பிழை செய்தது என்றும், பகடை அதன் பக்கம் இருந்தது என்றும் தெரிந்தது. உலக வாகையருக்கே முடிவை வைத்து ஆட்டத்தை அளக்கமுடியாது என்றால், பழகத் தொடங்கியவர் வெற்றி தோல்விகளை வைத்துத் தம் ஆட்டத்தைத் திருத்திக்கொள்ள வழியே இல்லை. ஆகவே எந்த வழியைத் தேர்ந்தாலும் நற்பேற்றையும் திறமையையும் பிரித்துக் காட்டும் ஒன்று அதில் இருக்கிறதா என்று கேட்டுக்கொள்ள வேண்டும்.

நான்காவது, இரட்டிப்புக் கட்டை. 2, 4, 8, 16, 32, 64 என்ற எண்கள் பொறித்த இந்தக் கட்டை 1920-களில் நியூயார்க்கில் ஆட்டத்துக்குள் வந்தது. ஒருவர் பந்தயப் புள்ளியை இரட்டிக்கலாம்; மற்றவர் ஏற்கலாம், அல்லது ஒரு புள்ளியைக் கொடுத்து ஆட்டத்தை விட்டுவிடலாம். எப்போது ஏற்பது என்பதற்கு ஒரு எளிய கணக்கு இருக்கிறது. ஒரே மாதிரி நிலை நான்கு முறை வருகிறது என்று வைத்துக்கொள்ளுங்கள். நான்கிலும் விட்டுக்கொடுத்தால் 4 புள்ளிகள் போகும். நான்கிலும் ஏற்று, மூன்றில் தோற்று, ஒன்றில் வென்றால் 6 போய் 2 வரும். அப்போதும் இழப்பு 4 தான். எனவே காய் ஒன்றுகூட வெளியேறாமல் தோற்கும் இரட்டைத் தோல்வியின் அச்சம் இல்லாத நிலையில், நான்கில் ஒரு பங்குக்கு மேல் வெல்லும் வாய்ப்பிருந்தால் ஏற்பதே சரி.

ஐந்தாவது, செலவு. பணம் மட்டும் இங்கே செலவன்று. நேரமும், மின்சாரமும், எதிரே அமர ஆள் தேடும் பாடும், கைப்பேசி தின்னும் கவனமும் இதில் அடங்கும்.

## பலகையும் எதிரே ஒரு மனிதரும்

காயைக் கையால் எடுத்து, முனை முனையாக வைத்துப் பழகியவருக்கு, இரு தரப்பும் எதிரெதிர்த் திசையில் ஓடுகின்றன என்ற முதல் குழப்பம் இரண்டு மூன்று மாலைகளில் தீர்ந்துவிடும். பகடை விழுந்ததும் கண் பலகை முழுவதையும் சுற்றி வரும். யாரும் நமக்காக விளக்கேற்றிக் காட்டமாட்டார்கள் என்பதால் எண்ணியே ஆக வேண்டும். இரண்டாவது அளவுகோலில் இந்த வழிக்கு ஈடில்லை. எதிரே இருப்பவர் பொறுமையுள்ளவராக இருந்தால், "இந்தக் காயை ஏன் இங்கே தனியாக விட்டாய்?" என்று அந்த இடத்திலேயே கேட்பார். அந்தக் கேள்வி நினைவில் நிற்பதுபோல் திரையில் தோன்றும் எதுவும் நிற்பதில்லை.

செலவை அஞ்சத் தேவையில்லை. நம் தீவில் பல வீடுகளில் பிரெஞ்சு முறையில் நூறு கட்டங்களில் ஆடும் தாம் (டிராஃப்ட்ஸ்) ஆட்டப் பெட்டி கிடக்கும். அதில் ஒவ்வொரு நிறத்திலும் 20 காய்கள் உண்டு. அவற்றில் 15-ஐ எடுத்துக்கொண்டு, தடித்த அட்டையில் 24 முக்கோணங்களை வரைந்து, கடையில் இரண்டு பகடைகளை வாங்கினால் பலகை ஆயிற்று. கேரம் காய்கள் போதா, ஏனெனில் அங்கே நிறத்துக்கு 9 தான். இரட்டிப்புக் கட்டைக்குப் பதில் எண்கள் எழுதிய ஆறு தாள் துண்டுகள் போதும். ஆறு மாதம் கழித்தும் ஆர்வம் குறையாவிட்டால் அப்போது நல்ல பலகையை வாங்கிக்கொள்ளலாம். முதல் நாளே தோல் பதித்த பெட்டியை வாங்கி அலமாரியின் மேல் வைத்துவிட்ட வீடுகளை நான் பார்த்திருக்கிறேன்.

மறைந்திருக்கும் விலைகள் இரண்டு. ஒன்று, கற்றுத் தருபவரின் பிழை நம் பிழையாகிவிடும். என் கதையை மேலே சொல்லிவிட்டேன். விதித்தாளைக் கையில் வைத்துக்கொண்டு முதல் சில ஆட்டங்களை ஆடினால் இதைத் தவிர்க்கலாம். இங்கே இன்னொரு எச்சரிக்கையும் தேவை: பிரெஞ்சு மொழிப் பெட்டிகளிலும் பழைய குடும்பங்களிலும் ழாக்கே என்ற ஆட்டத்தின் விதிகள் கிடைக்கலாம். பலகையும் காய்களும் ஒன்றுபோலவே இருக்கும், ஆனால் ழாக்கேயில் வெட்டு இல்லை, இருவரும் ஒரே திசையில் ஓடுவார்கள். அது தன்னளவில் நல்ல ஆட்டம்தான். ஆனால் அதைக் கற்றுவிட்டுப் பேக்கமன் கற்றதாக நினைத்தால் பின்னர் எல்லாவற்றையும் மறந்து தொடங்க வேண்டியிருக்கும். உங்களுக்குக் கற்றுத் தருபவரிடம் வெட்டு உண்டா என்று முதலில் கேட்டுவிடுங்கள்.

மற்ற விலை இன்னும் ஆழமானது. ஒரே ஆளோடு நெடுங்காலம் ஆடும் இருவர் ஒருவருடைய பிழையை ஒருவர் உறுதிப்படுத்திக்கொண்டே போவார்கள். இருவரும் வெட்டுக்கு அஞ்சுபவர்களாக இருந்தால், அஞ்சி ஆடுவதே சரியான ஆட்டம் என்று இருவருமே நம்புவார்கள். அதைப் பொய்யாக்க அந்த மேசையில் யாரும் இல்லை. மூன்றாவது அளவுகோலில் பலகை தனியாக நிற்கும்போது தோற்றுவிடுகிறது. எதிரே இருப்பவர் உண்மையிலேயே தேர்ந்தவராக இருந்தால் மட்டும் இது விதிவிலக்கு.

ஆயினும் புயல் எச்சரிக்கை மூன்றாம் வகுப்புக்கு ஏறி, கதவுகளை அடைத்து, மின்சாரமும் நின்றுபோன ஒரு பிற்பகலை நினைத்துப் பாருங்கள். அன்று வீட்டில் உள்ளவர்களை ஒரு மேசையைச் சுற்றி அமர்த்த மெழுகுவர்த்தி வெளிச்சமும் ஒரு பலகையும் போதும். ஃபிளிக் ஆன் ஃபிளாக் கடற்கரையில் பிலாவோ (சவுக்கு) மர நிழலில் தோமினோ ஆடும் இடத்தில் இதையும் ஆடலாம். காற்றுக்குக் காய்கள் அசையாமல் இருக்கக் கனமானவையாக மட்டும் பார்த்துக்கொள்ள வேண்டும்.

## கைப்பேசிச் செயலி

செயலியின் பெரும் சிறப்பு, அது தவறான நகர்வை அனுமதிக்காது என்பதே. நடுக்கட்டையில் காய் இருக்கும்போது வேறு காயைத் தொட்டால் அது அசையாது. இரண்டு எண்களையும் ஆட வழியிருந்தால் ஒன்றோடு முடிக்க விடாது. முதல் அளவுகோலில் மாமாக்களைவிடச் செயலி நம்பத்தக்கது என்று நான் வருத்தமில்லாமல் ஒப்புக்கொள்கிறேன். காய்களை அடுக்கும் வேலையும் இல்லை. மெட்ரோப் பயணத்துக்குள் இரண்டு மூன்று ஆட்டங்களை முடித்துவிடலாம். வெவ்வேறு நாட்டு ஆட்டக்காரர்களைச் சந்திப்பதால் ஒரே மேசையின் பழக்கங்களில் சிக்கிக்கொள்ளும் இடரும் குறைவு.

ஆனால் செயலி நமக்காகச் செய்யும் உதவிகளே நம் கற்றலைத் தின்றுவிடுகின்றன. காயைத் தொட்டதும் அது போகக்கூடிய முனைகள் ஒளிர்கின்றன. மொத்தத் தொலைவை மூலையில் எழுதிக் காட்டுகிறது. நாம் எண்ணுவதே இல்லை. செயலியில் முந்நூறு ஆட்டம் ஆடிய ஒருவரிடம், 8 அடி தொலைவில் நிற்கும் தனிக்காய்க்கு எத்தனை வாய்ப்பு என்று கேட்டேன். பாதிக்குப் பாதி என்றார். விடை 36-இல் 6. அவர் அறிவில் குறைந்தவர் அல்லர். எண்ணவேண்டிய தேவை அவருக்கு ஒருபோதும் வரவில்லை. அமைப்புகளில் இந்த உதவிகளை நிறுத்த வழியிருக்கும் செயலியானால், முதல் நாளே அவற்றை நிறுத்திவிடுங்கள்.

இலவசம் என்ற சொல்லையும் கவனிக்க வேண்டும். விளம்பரங்கள், பொய்க்காசுகள், அவை தீர்ந்ததும் உண்மைக் காசு கொடுத்து வாங்கச் சொல்லும் அழைப்புகள் ஆகியவை பல செயலிகளில் உண்டு. இரட்டிப்புக் கட்டை இருக்கும் ஆட்டத்தில் பொய்க்காசு நான்கு மடங்காகவும் எட்டு மடங்காகவும் ஓடும். பதினொரு வயதுச் சிறுவனின் கையில் அது நல்ல பழக்கம் அன்று. பணம் வைத்து ஆட அழைக்கும் இடங்களைப் பற்றிச் சொல்ல எனக்கு ஒன்றே உண்டு: பழகும் காலத்தில் அங்கே போகவேண்டாம்.

செயலியில் பகடை ஏமாற்றுகிறது என்ற குறை எங்கும் கேட்கிறது. எதிராளிக்கு மட்டும் இரட்டை விழுகிறது என்பார்கள். ஆறு உருட்டலுக்கு ஒன்று இரட்டையாக விழுவதே இயல்பு. ஓர் ஆட்டத்தில் எதிராளி இருபது முறை உருட்டினால் மூன்றோ நான்கோ இரட்டைகள் வருவது வியப்பன்று. இன்னொரு காரணமும் உண்டு. தேர்ந்தவர் தம் காய்களை எந்த எண் விழுந்தாலும் பயன்படும்படி பரப்பி வைக்கிறார். ஆகவே அவருக்கு எப்போதும் வேண்டிய எண்ணே விழுவதுபோல் நமக்குத் தோன்றுகிறது. பகடையைக் குறைசொல்லும் ஒவ்வொரு முறையும் பாடம் ஒன்று கைநழுவிப் போகிறது என்பதால்தான் இதை இவ்வளவு விரித்து எழுதுகிறேன்.

## கணினியில் ஆராயும் நிரல்

என் ஆட்டத்தை மாற்றியது இந்த வழியே. க்னூ பேக்கமன் என்ற நிரல் முழுக்க இலவசம்; விண்டோஸ் கணினியிலும் லினக்ஸ் கணினியிலும் ஓடும்; விளம்பரம் இல்லை, காசு கேட்பதில்லை. எக்ஸ்ட்ரீம் கேமன் என்ற இன்னொரு நிரல் போட்டி ஆட்டக்காரர்களிடம் பெயர் பெற்றது, ஆனால் அதைப் பணம் கொடுத்து வாங்க வேண்டும்; தொடங்குபவருக்கு முதலாவதே போதும்.

இத்தகைய நிரலோடு ஆடி முடித்தபின் முழு ஆட்டத்தையும் ஆராயச் சொல்லலாம். ஒவ்வொரு நகர்வுக்கும் அது தீர்ப்புச் சொல்லும்: ஐயத்துக்குரியது, தவறு, பெருந்தவறு. கூடவே ஒவ்வொரு உருட்டலும் யாருக்கு எவ்வளவு நற்பேறாக அமைந்தது என்பதையும் தனியாகக் கணக்கிடும். தோற்ற ஆட்டத்தில் என் பிழைகள் எதிராளியின் பிழைகளைவிடக் குறைவு, பகடைதான் எதிராக விழுந்தது என்று முதன்முறை பார்த்தபோது எனக்கு ஆறுதல் வந்தது. வென்ற ஆட்டத்தில் நான் ஒன்பது பெருந்தவறுகள் செய்திருந்தேன் என்று மறுநாள் பார்த்தபோது வந்ததுதான் கல்வி. இரட்டிப்புக் கட்டையை நான் எடுக்கவேண்டிய இடங்களில் எடுக்கவே இல்லை என்பதும் அப்போதுதான் தெரிந்தது. மூன்றாவது, நான்காவது அளவுகோல்களில் இதற்கு நிகராக வேறு எதையும் நான் காணவில்லை.

கணினியின் பகடையை நம்பாதவர்களுக்கு இதில் ஒரு நேர்மையான வழி இருக்கிறது: பகடையை மேசையில் நாமே உருட்டி, விழுந்த எண்ணை நிரலுக்குச் சொல்லலாம். பிழையான நகர்வைச் செய்யும் முன்பே தடுத்துக் கேட்கும் ஆசிரியர் முறையும் உண்டு; முதல் இரண்டு வாரம் அது பயன்படும், அதற்குமேல் அதையே சார்ந்திருந்தால் சிந்தனை மழுங்கும்.

இதன் விலை எங்கே ஒளிந்திருக்கிறது? நிரல் எது சரி என்று சொல்லும், ஏன் சரி என்று சொல்லாது. திரையில் வரும் பதின்மப் புள்ளி எண்களைப் பார்த்துத் தொடங்குபவர் மலைத்துப்போவார். மேலும் அது மிக நன்றாக ஆடும்; பத்து ஆட்டத்தில் எட்டு தோற்றால் பலர் அத்துடன் விட்டுவிடுகிறார்கள். விதிகளே தெரியாதவர் இதில் தொடங்குவது, நீந்தத் தெரியாதவர் பாறைத்திட்டுக்கு வெளியே கடலில் இறங்குவதைப் போன்றது. நான் கடைப்பிடிக்கும் முறை இது: ஆட்டம் முடிந்ததும் எல்லாப் பிழைகளையும் பார்ப்பதில்லை, மிகப் பெரிய ஒன்றை மட்டும் எடுத்து, நிரல் சொன்ன நகர்வு ஏன் மேலானது என்று என் சொந்தச் சொற்களில் ஒரு குறிப்பேட்டில் எழுதுகிறேன். காரணம் எழுத வராவிட்டால் அன்று வேறு ஆட்டம் ஆடுவதில்லை.

## நூல்

ஏன் என்ற கேள்விக்கு ஒழுங்கான விடை நூலில்தான் கிடைக்கும். எப்போது ஓடுவது, எப்போது தடுப்புச்சுவர் எழுப்புவது, எப்போது எதிராளியின் வீட்டிலேயே காத்திருப்பது என்ற பெரிய படத்தை நல்ல நூல் வரிசையாகச் சொல்லித்தரும். நூல்களின் குறியீட்டைப் பழகுவதும் எளிது: 8/5, 6/5 என்றால் 8-இலிருந்து ஒரு காய் 5-க்கும், 6-இலிருந்து ஒரு காய் 5-க்கும் வருகின்றன என்று பொருள். தொடக்கத்தில் ஆளுக்கு ஒரு பகடை உருட்டிப் பெரிய எண் பெற்றவர் அந்த இரண்டு எண்களையுமே ஆடுவதால், முதல் நகர்வில் இரட்டை வராது. ஆகவே தொடக்கங்கள் 15 மட்டுமே. அவற்றில் ஐந்தை முதல் வாரத்திலேயே மனப்பாடம் செய்துவிடலாம்: 3-1-க்கு 8/5, 6/5, 4-2-க்கு 8/4, 6/4, 6-1-க்கு 13/7, 8/7, 5-3-க்கு 8/3, 6/3, 6-5-க்கு 24/13. முதல் நான்கும் மலை கட்டுகின்றன, ஐந்தாவது ஒரு பின்காயைப் பாதுகாப்பான இடத்துக்கு ஓட்டிவிடுகிறது.

ஆனால் நூலின் வயதைப் பார்க்க வேண்டும். 1992-இல் ஐபிஎம் நிறுவனத்தின் ஜெரால்ட் டெசாரோ உருவாக்கிய டிடி-கேமன் என்ற நிரல், தன்னோடு தானே ஆடிக் கற்று, தேர்ந்தவர்களே மறுபரிசீலனை செய்யும்படி சில தொடக்கங்களை மாற்றிக் காட்டியது. 5-1 விழுந்தால் 6-ஆம் முனையிலிருந்து ஒரு காயை 5-க்கு இறக்கித் தனியாக வைப்பதை முந்தைய தலைமுறை பெரிதும் விரும்பியது. இன்று 13/8-உடன் பின்காய்களைப் பிரிக்கும் 24/23 மேலானது என்று கொள்ளப்படுகிறது. எனவே 1990-களுக்கு முந்தைய நூல் கையில் கிடைத்தால் அதன் விளக்கங்களை மதித்துப் படியுங்கள். தொடக்க நகர்வுகளுக்கு மட்டும் அதை முடிந்த தீர்ப்பாகக் கொள்ளவேண்டாம். தமிழில் மட்டும் படிப்பவருக்கு இந்த வழி இன்று குறுகியது என்பதையும் சொல்லியாக வேண்டும்; ஆங்கிலமோ பிரெஞ்சோ தேவைப்படும்.

## ஒரே பார்வையில்

| அளவுகோல் | ஆளுடன் பலகை | செயலி | ஆராயும் நிரல் | நூல் |
|---|---|---|---|---|
| விதி பிழையின்மை | கற்பிப்பவரைப் பொறுத்தது | மிக நன்று | மிக நன்று | நன்று |
| எண்ணும் பழக்கம் | மிக நன்று | உதவிகளை நிறுத்தாவிட்டால் குறைவு | நடுத்தரம் | தாமே எண்ணிப் பார்த்தால் நன்று |
| பிழை காட்டுதல் | தேர்ந்தவர் கிடைத்தால் மட்டும் | பெரும்பாலும் இல்லை | மிக நன்று | நம் ஆட்டத்தை நூல் பார்க்காது |
| இரட்டிப்புக் கட்டை | பல வீடுகளில் விடப்படுகிறது | காசோடு கலந்து வரும் | மிக நன்று | நன்று |
| மறைந்த விலை | ஆள் தேடுதல், ஒரே மேசைப் பழக்கம் | விளம்பரம், பொய்க்காசு, கவனச் சிதறல் | மலைப்பு, தொடர்ந்து தோற்பது | பழைய கருத்துகள், மொழி |

## கேட்ட மூவருக்கும்

ஓய்வுபெற்ற ஆசிரியைக்கு என் விடை தயக்கமில்லாதது: அட்டைப் பலகையும் விதித்தாளும். அவருக்கு வேண்டியது கணவரோடு கழியும் மாலை. அதைத் திரை தராது. முதல் மாதம் இரட்டிப்புக் கட்டையைத் தொடவேண்டாம். இருவருக்கும் விதிகள் தடுமாறாமல் வந்தபின், வாரத்துக்கு ஒருமுறை ஒரு நிலையைத் தாளில் வரைந்து வைத்து, பேரப்பிள்ளைகள் யாரேனும் கணினியில் பார்த்துச் சொல்லும்படி கேட்கலாம். ஒரே மேசையின் பழக்கத்தில் சிக்கிக்கொள்ளாமல் இருக்க அந்த அளவே போதும்.

மெட்ரோ இளைஞர் செயலியில் தொடங்கட்டும், ஏனெனில் அவருக்குக் கிடைக்கும் நேரம் அங்கேதான் இருக்கிறது. ஆனால் ஒளிரும் முனைகளை நிறுத்திவிட்டு ஆட வேண்டும். பயணத்தில் ஆடுவதோடு நில்லாமல், ஞாயிற்றுக்கிழமை ஒரு மணி நேரம் கணினி நிரலோடு ஓர் ஆட்டம் ஆடி, அதை ஆராய வேண்டும். இந்த ஒரு மணி நேரத்தை விட்டுவிட்டால் ஐந்நூறு ஆட்டங்களுக்குப் பிறகும் அவர் நின்ற இடத்திலேயே நிற்பார் என்று நான் உறுதியாக நம்புகிறேன், நான் நின்றேன்.

கத்ர் போர்ன் தந்தையின் நிலைதான் எனக்குக் கடினமாக இருந்தது. தந்தைக்கு விதி தெரியாது, மகனுக்கோ கைப்பேசியின் மேல்தான் கண். இருவரும் ஒன்றாகத் தொடங்குவதே நல்லது என்று முடிவுக்கு வந்தேன். செயலியைத் தந்தையின் கைப்பேசியில் இறக்கி, விதியில் ஐயம் வரும்போது மட்டும் திறந்து பார்க்கும் நடுவராக வைத்துக்கொண்டு, ஆட்டத்தை அட்டைப் பலகையில் ஆட வேண்டும். 36 கட்டங்கள் கொண்ட ஒரு தாளைச் சிறுவன் தன் கையால் வரைந்து, ஒரு பகடையின் எண்களை மேலேயும் மற்றதன் எண்களைப் பக்கவாட்டிலும் எழுதி, தனிக்காய் 1 அடி முதல் 12 அடி வரை நிற்கும்போது வெட்டுப்படும் கட்டங்களுக்கு நிறம் தீட்டட்டும். 6 அடிக்கு 17 கட்டங்களும் 7 அடிக்கு 6 கட்டங்களும் நிறம் பெறுவதைத் தானே கண்டுபிடித்துவிட்டால், அந்தத் தாளைப் பலகைக்கு அருகில் ஒட்டி வைத்து, அவன் தந்தைக்குக் கற்றுத் தரத் தொடங்கலாம்.